சொரசொரப்பு யாருக்கு வேண்டும்?

தோலா, பிளாஸ்டிக்கா என்கிற சண்டை நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. பறை என்றால் மாட்டுத்தோல்தான், நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், ஃபைபர் முகம் போட்டது பறையே அல்ல, அது சந்தைச் சரக்கு என்று ஒரு தரப்பு. மழையில் நனைந்தால் தொங்கிப்போகிற தோலை வைத்துக்கொண்டு இவர்கள் ஒரு நாள் அடித்துப் பார்க்கட்டும் என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் அடிக்கிறவர்கள். முதல் தரப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாம். அதாவது கட்டுரை எழுதுகிறவர்கள், கலை இரவு நடத்துகிறவர்கள், துண்டறிக்கை அடிக்கிறவர்கள்.

இந்தச் சண்டைக்குள் ஒரு பக்கவாசல் வழியாக நுழைய விரும்புகிறேன். ஆறு கம்பி பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் அந்த வாசல். சிரிக்க வேண்டாம். ஒரு கருவியின்மேல் எந்தப் பொருளைப் பூட்டுவது என்பது வெறும் ருசி சம்பந்தப்பட்ட விஷயமல்ல. வாசிக்கிறவனுடைய கையில் எது கேட்கலாம், எது கேட்கக்கூடாது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது சம்பந்தப்பட்ட விஷயம். பறையில் இந்தக் கேள்வியை எழுப்பினால் உடனே ரத்தம் சூடாகிவிடுகிறது. கிட்டார் கம்பியில் எழுப்பினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

திண்டிவனத்துக்கும் மேல்மலையனூருக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் திருவிழாக் கச்சேரிகளுக்கு பேஸ் வாசிக்கிற நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஆறு கம்பிக் கருவி ஒன்று வாங்கினார். அதற்கு ஃப்ளாட் பூட்டலாம் என்று நினைத்தார். கூட வாசிக்கிறவர்கள் தடுத்திருக்கிறார்கள். "தோழர், ஃப்ளாட் போட்டா சவுண்டு செத்துப்பூடும்னு சொல்றாங்க. ரவுண்டுலதான் உயிர் இருக்காம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். செத்த ஒலி, உயிருள்ள ஒலி. இந்த இரண்டு சொற்களும் என்னை உலுக்கின. தோல் பறைக்கும் ஃபைபர் பறைக்கும் நாம் பயன்படுத்துகிற அதே சொற்கள் அல்லவா இவை?

விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பேஸ் கம்பியின் உள்ளே எஃகுக் கரு ஒன்று ஓடுகிறது. அதன்மேல் வேறொரு கம்பியைச் சுற்றிக் கனம் ஏற்றுகிறார்கள். கனம் ஏறினால் சுருதி இறங்கும். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வவுண்ட். நாடா மாதிரித் தட்டையாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. உருண்டைச் சுற்றில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே பள்ளம் விழுகிறது. விரல் நகரும்போது தோல் அந்தப் பள்ளங்களில் உரசிக் கீச்சிடுகிறது. மேல்சுரங்கள் பளிச்சென்று கிளம்புகின்றன. தட்டைச் சுற்றில் பள்ளம் இல்லை, கீச்சு இல்லை, பளிச்சும் இல்லை. 'தும்' என்று விழுந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதலாவதில் கை நகர்ந்ததற்குச் சாட்சி இருக்கிறது. இரண்டாவதில் கை தன் தடயத்தைத் தானே துடைத்துக்கொண்டு போகிறது.

இங்கே நம் வழக்கமான விமர்சன எந்திரத்தை ஓடவிட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். சொரசொரப்பு என்பது உடல், உழைப்பு, விளிம்பு. வழவழப்பு என்பது புனிதம், தூய்மை, மையம். உழைக்கும் உடலின் தடயத்தை அழித்துச் சுத்திகரிக்கும் பார்ப்பனிய அழகியலின் உலோக வடிவமே ஃப்ளாட்வவுண்ட் கம்பி. முற்றும். இதற்கு மேற்கோள் காட்ட ரொலான் பார்த் இருக்கிறார். 1972இல் குரலின் இழை குறித்து அவர் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு நம்மில் பலர் பல வருஷம் பிழைத்துவிட்டோம்.

ஆனால் பார்த்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் கரடுமுரடைக் கொண்டாடவில்லை. ஃபிஷர்-டீஸ்கவ் என்ற பாடகரையும் பன்செரா என்ற பாடகரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பன்செரா தெருவில் பாடியவர் அல்ல. நன்றாகத் தீட்டப்பட்ட, பயிற்சியின் உச்சியிலிருந்த சாஸ்திரியப் பாடகர். பார்த்தே அவரிடம் பாட்டுக் கற்றவர். மொழி உடலில் எங்கே உரசுகிறது, மெய்யெழுத்து தொண்டையில் எப்படி நிற்கிறது என்பதைத்தான் பார்த் கேட்கிறார். தீட்டப்பட்ட குரலுக்குள்ளும் அந்த இழை இருக்கும், கரகரத்த குரலில் அது இல்லாமலும் போகலாம். நாம்தான் அதைச் சொரசொரப்பு என்று மொழிபெயர்த்துக்கொண்டு, சொரசொரப்பைக் கிராமத்தின் கணக்கில் எழுதி, அதைக் கிராமத்துக் கலைஞன் நமக்குக் கட்டவேண்டிய வரியாக ஆக்கிவிட்டோம்.

இந்தச் சமன்பாட்டைக் கம்பியின் வரலாறே உடைத்துப் போடுகிறது. டெட்ராய்ட் நகரத்தின் மோடவுன் கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) கறுப்பர். அறுபதுகளில் அந்தக் கம்பெனி வெளியிட்டு உலகம் முழுக்கப் பரவிய பாடல்களில் கணிசமானவற்றின் அடித்தளம் அவர் விரல். ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அவருடைய 1962 ஃபெண்டர் கருவியில் பூட்டியிருந்தது கனத்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அழுக்கேறி எண்ணெய் குடித்த கம்பி அது. பளிச்சிடும் ரவுண்ட்வவுண்ட் கம்பி பெயர் வாங்கியது அதே அறுபதுகளில் இங்கிலாந்தில், வெள்ளை ராக் இளைஞர்கள் கையில். ரோட்டோசவுண்ட் கம்பெனியும் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலும் அதன் விளம்பர முகங்கள். கறுப்பு உழைப்பாளியின் கம்பி வழவழப்பு, வெள்ளைக் கலகக்காரனின் கம்பி சொரசொரப்பு. இப்போது சொல்லுங்கள், எது உடல், எது மையம்?

ஜேமர்சனின் பிரச்சினை அவர் கை கேட்கவில்லை என்பதல்ல. கை நன்றாகக் கேட்டது. பெயர்தான் கேட்கவில்லை. மோடவுன் தன் இசைத்தட்டுகளின் உறையில் வாசித்தவர்களின் பெயரை அச்சிடத் தொடங்கியது 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். அதுவரை பத்து வருஷ உழைப்பு பெயரில்லாமல் போனது. அம்மன் பாட்டு கேசட்டுகள் கொட்டிக் குவிந்த காலத்தில் அவற்றின் உறைகளில் பம்பை அடித்தவர் பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாடியவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், அம்மன் படம் இருக்கும். தடயம் கம்பியில் அழிவதில்லை, உறையில் அழிகிறது.

இதெல்லாம் மேற்கத்திய விவகாரம், நம் மரபு வேறு என்று ஒருவர் சொல்லலாம். நம் மரபுக்கே போவோம்.

தமிழில் கம்பிக்குப் பழைய பெயர் நரம்பு. நரம்பின் குற்றங்கள் என்று பழைய உரைகள் நான்கைச் சொல்கின்றன: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. திரித்தது சரியில்லை, மயிர் கலந்திருக்கிறது, நார் பிசிறியிருக்கிறது, முறுக்கிக்கொண்டிருக்கிறது. நான்கும் சொரசொரப்பின் வகைகள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு நடக்கும் யாழ்ப் போட்டியில் சீவகன் முதலில் செய்கிற காரியம் வாசிப்பதல்ல. கொண்டுவந்து கொடுத்த யாழ்களைத் தள்ளுவது. இது நீரில் அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். நரம்பின் புரியைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதைக் காட்டுகிறான். எம்.ஏ. வகுப்பில் இந்தப் பகுதியைக் காதல் கதையின் இடைச்செருகல் மாதிரிச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது கருவி தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடாகத் தெரிகிறது. ஆனால் சீவகன் அரசகுமாரன். அவன் தள்ளலாம். தள்ளினால் கேட்க ஆளில்லை.

அரசகுமாரனை விடுங்கள். பொருநராற்றுப்படைக்குப் போங்கள். முடத்தாமக்கண்ணியார் பொருநனின் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். பத்தர், போர்வை, ஆணி, கோடு என்று வந்து நரம்பில் நிற்கிறார். குற்றிப் புடைத்த தினையரிசியைப் போல அது குற்றம் நீங்கியதாக, விரல் தடையில்லாமல் உலாவுவதாக இருக்கிறது என்கிறார். தினையைக் குற்றுவது என்றால் உமியை, சொரசொரப்பை நீக்குவது. அந்த நரம்பு வழவழப்பானது. அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி அந்தப் பொருநனின் உடுப்பு வருகிறது. ஈரும் பேனும் குடியிருக்கிற, வியர்வையில் ஊறிய, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். கரிகாலன் அதைக் களைந்துவிட்டு, நூல் ஓடியது தெரியாத அளவு நுட்பமான, பாம்பின் தோலுரி போன்ற துணியைக் கொடுக்கிறான்.

இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்காமல் நாம் எப்படி இத்தனை நாள் இருந்தோம் என்று ஆச்சரியமாக இருக்கிறது. புரவலன் கண்ணில் படுவது கந்தல். அதை மாற்றிக் கொடுத்து வள்ளல் ஆகிறான். ஆனால் கந்தல் உடுத்தியிருந்த அதே ஆள், கையில் இருந்த நரம்பை யாரும் சொல்லாமலேயே குற்றமறத் தீட்டி வைத்திருந்தான். துணியின் வழவழப்பு மன்னன் போட்ட பிச்சை. நரம்பின் வழவழப்பு அவனுடைய தொழில், அவனுடைய மானம். நம் காலத்துப் புரவலர்களாகிய நாம் கரிகாலனைவிட ஒரு படி கீழே இறங்கிவிட்டோம். கந்தல் அப்படியே இருக்கட்டும், நரம்பிலும் கொஞ்சம் பிசிறு இருந்தால்தான் அசலாக இருக்கும் என்கிறோம்.

சாஸ்திரிய இசையில் இந்தக் கேள்வி எப்படித் தீர்ந்திருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வீணை வாசிக்கிறவர்கள் எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். இடதுகை விரலைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டால் கமகம் வழுக்கிக்கொண்டு போகும். கீச்சு வராது. அதைச் சீரழிவு என்று யாரும் எழுதியதில்லை. தம்புராவில் நேர் எதிர். பாலத்துக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா என்று ஒரு நூலைச் செருகி வேண்டுமென்றே இரைச்சல் உண்டாக்குகிறார்கள். பெயரைப் பாருங்கள், ஜீவன்! அந்த இரைச்சல் நாதம். ஒரே மேடையில் ஒரு கருவியில் உரசலை அழிக்கிறார்கள், இன்னொன்றில் உரசலை உண்டாக்குகிறார்கள். இரண்டும் கலைஞரின் விருப்பம், இரண்டும் நுட்பம். வீணைக்காரர் விரலில் எண்ணெய் தொட்டால் நுட்பம், பறைக்காரர் ஃபைபர் கட்டினால் சீரழிவு. இந்த வாக்கியத்தில் பொருளுக்கு ஒரு வேலையும் இல்லை. சாதிதான் வேலை செய்கிறது.

இளையராஜாவுக்கு நாம் செய்ததும் இதுதான். 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து 'மண்வாசனை' என்ற ஒரு சொல்லை அவர்மேல் ஒட்டினோம். மலையனூர்க் கதையில் சிவன் கையில் பிரமனின் கபாலம் ஒட்டிக்கொண்ட மாதிரி அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. எதைப் போட்டாலும் அதுவே தின்றது. பண்ணைபுரம், பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள், நாட்டுப்புற மெட்டு என்று ஒரு கதையாடல் தயாரானது. அது பொய் என்று சொல்லவில்லை. அது கேட்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது என்கிறேன். 'நினைவெல்லாம் நித்யா' (1982), 'ரெட்டை வால் குருவி' (1987) படப் பாடல்களைப் போட்டு, குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அது தாளத்துக்கு முட்டுக்கொடுக்கிற ஒலி அல்ல. குரலுக்கு எதிர்மெட்டாகத் தனியே நடக்கிற இன்னொரு பாட்டு. அவரிடம் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரன் போன்றவர்களின் விரலில் அது வழுக்கிக்கொண்டு, நிதானமாக, எந்த மண்ணின் முத்திரையும் காட்டாமல் போகிறது. நம் விமர்சகர்கள் பறை கேட்ட இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேஸ் கேட்ட இடத்தில் காதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். சேரியிலிருந்து வந்தவனுக்கு வழவழப்பு உரிமை கிடையாது என்பது இரு பக்கத்திலும் சொல்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டம். 2025 மார்ச்சில் அவர் லண்டனில் சிம்பொனி நிகழ்த்தியபோதும் இங்கே வந்த கட்டுரைகளில் பாதி மண்வாசனையைத்தான் தேடிக்கொண்டிருந்தன.

நண்பரின் கேள்வியைத் தத்துவத்திலேயே கரைத்துவிடக் கூடாது. ஆறு கம்பி என்பது தனிச் சிக்கல். வழக்கமான பேஸுக்கு நாலு கம்பி: ஈ, ஏ, டி, ஜி. கீழே ஒரு பி, மேலே ஒரு சி சேர்ந்த இந்த வகையை 1975இல் கார்ல் தாம்சன் என்ற கருவிக் கைவினைஞர் ஆன்டனி ஜாக்சனுக்காகச் செய்து கொடுத்தார். ஜேமர்சனைத் தன் முன்னோடிகளில் ஒருவராகச் சொன்னவர் ஜாக்சன். மேல் சி வினாடிக்கு 131 முறை அதிர்கிறது, கீழ் பி 31 முறை. இரண்டு மடக்குக்கு மேல் அகலம். ஒரே வகைக் கம்பி இந்த அகலம் முழுக்க ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

நடு நாலு கம்பிக்கும் சி-க்கும் ஃப்ளாட் போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. சி கம்பி ரவுண்டில் மெல்லியதாகச் சிணுங்கும். ஃப்ளாட்டில் பழைய ஜாஸ் கிட்டார் மாதிரி உருண்டு வரும், அதில் மெட்டு வாசிக்கலாம். பி-யில்தான் வில்லங்கம். கனத்த ஃப்ளாட் விறைப்பானது. மேல்சுரங்கள் அடங்கிவிடும். வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் பிரமாதமாக இருக்கும். ஆனால் மாசித் திருவிழாவுக்கு மேடை போட்ட திறந்த வெளியில், வாடகை பாக்ஸில், 31 அதிர்வை எந்த பாக்ஸும் ஒழுங்காகக் கொடுக்காது. அங்கே நம் காது அடிச்சுரத்தை நேரடியாகக் கேட்பதில்லை. மேல்சுரங்களை வைத்து அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. மேல்சுரத்தையும் கம்பி விழுங்கிவிட்டால் ஊகிக்க ஒன்றுமில்லை. பி மறைந்துபோகும். கூட்டத்துக்குக் கேட்பது ஜெனரேட்டர் சத்தம்தான். ஆகவே பி-க்கு மட்டும் ரவுண்ட், அல்லது சுற்றி முடித்தபின் மேல்பரப்பைத் தேய்த்துவிட்ட அரை-உருண்டை வகை. கலப்படம்தான். கலப்படம் கூடாது என்று கிட்டார் சாஸ்திரிகள் சொல்வார்கள். எல்லாத் துறையிலும் சாஸ்திரிகள் உண்டு.

இழுவிசையைப் பார்க்க வேண்டும். ஆறு கம்பியின் இழுப்பைக் கூட்டினால் நூறு கிலோவைத் தாண்டும். ஃப்ளாட்டில் பல வகை இதைவிடக் கூடுதலாக இழுக்கும். பழைய கருவியின் கழுத்து வளைந்துவிடும். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். இழுப்பு குறைவான ஃப்ளாட்டும் உண்டு, வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்கிற வகை அப்படிப்பட்டது. மிருதுவாக இருக்கும், விலைதான் கடிக்கும். ஆறு கம்பிக்கு ஃப்ளாட் செட் என்று கேட்டாலே கடைகளில் முழிப்பார்கள். நாலு கம்பி செட் கிடைக்கிற அளவு இது கிடைக்காது. வாங்குமுன் பி கம்பியின் கனம் கருவியின் தலைப்பக்கத்துக் காடியில் உட்காருமா என்று அளந்து பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது.

விலை பற்றிய பேச்சில் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகிறோம். ரவுண்ட் மலிவு, ஆனால் வியர்வையில் சீக்கிரம் செத்துவிடும். பள்ளங்களில் அழுக்கு ஏறினால் அந்தப் பளிச்சு போய்விடும். பளிச்சுக்காகத்தானே அதை வாங்கினோம்? திரும்ப வாங்கு. ஃப்ளாட் விலை அதிகம், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். பழசாகப் பழசாகப் பதமாகும். கருவியின் உலோகப் படிகளையும் அவ்வளவாக அரிக்காது. படி தேய்ந்தால் மாற்றுவதற்கு சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிய ஆளுக்கு இது சின்ன விஷயமா? சித்திரை வெயிலில் ராத்திரி முழுக்க வாசிக்கிற விரல்நுனிக்கு வழவழப்பு என்பது அழகியல் அல்ல, மருந்து. இசைக்குழுவில் யாரும் இதை 'உயிர்' என்ற சொல்லால் அழைப்பதில்லை. ஆனால் ஜேமர்சன் கம்பி மாற்றாததும் இதுவும் ஒரே கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

பம்பைக்கு வருகிறேன். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு எத்தனை ஜனம் வருகிறது என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் மயானக்கொள்ளை. இந்த வட்டாரம் முழுக்க அங்காளம்மன் வழிபாடு என்றால் பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு. 1986இல் ஈவ்லின் மேயர் இந்த அம்மனைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் களப்பணி செய்த இஸபெல் நபோகோவ் 2000இல் எழுதிய நூலில் பம்பைக்காரர் முக்கியமான ஆள். சும்மா தாளம் போடுகிறவர் அல்ல. வர்ணித்துப் பாடி அழைப்பவர், வந்திறங்கியது சாமியா பேயா என்று விசாரிப்பவர், பெயரைச் சொல், ஊரைச் சொல் என்று கேள்வி கேட்பவர். அந்தச் சபையில் பேச வைக்கிற அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அவரை நம் மேடைக்குக் கூப்பிட்டால் மட்டும் அவர் கேள்வி கேட்பதில்லை. நாம்தான் அவரைக் கேட்கிறோம், இது ஒரிஜினல் தோல்தானே?

தோல் என்ற சொல்லை நாம் உச்சரிக்கிற லேசான தொனி எனக்குக் கசக்கிறது. செத்த மாட்டைத் தூக்கு, உரி, பறை அடி, சாவுக்குச் சொல்லப் போ என்று ஊர் இட்ட கட்டளையின் பொருள்வடிவம் அந்தத் தோல். இனிமேல் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய சேரிகள், ஊரைவிட்டு ஒதுக்கப்பட்ட சேரிகள் தமிழ்நாட்டில் எத்தனை! அதே தொண்ணூறுகளில்தான் தலித் கலை விழாக்கள் பறையை விடுதலைக் கருவியாக்கின. இரண்டும் சரி. தூக்கி எறிந்ததும் சரி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்ததும் சரி, ஏனென்றால் இரண்டையும் தீர்மானித்தது அந்தக் கைகள். மூன்றாவதாக ஒரு கை, எந்தக் காலத்திலும் தோல் பதனிடாத கை, வெளியிலிருந்து வந்து தோல்தான் வேண்டும் என்று சொல்கிறபோது பழைய கட்டளையின் குரல் அதில் கேட்கிறது. நல்ல நோக்கத்தோடு, சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு, ஆனாலும் கட்டளைதான்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் எது பிடிக்கும் என்று கேட்டால் தோல் பறையின் சத்தம்தான். காய்ச்சி எடுத்த தோலில் விழுகிற அடி நெஞ்சுக்கூட்டில் இறங்குகிற மாதிரி ஃபைபர் அடி இறங்குவதில்லை. ஃபைபரில் மேல் சத்தம் கூடுதல், அடி குறைவு. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் என் காதின் விருப்பம் இன்னொருவர் தோள்மீது சட்டமாக ஏறுவதற்கு எந்தக் கோட்பாட்டையும் நான் பிடித்துக்கொடுக்க முடியாது. அத்தோடு, பம்பையை மூழ்கடிப்பது பிளாஸ்டிக் முகமா, பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற ஸ்பீக்கர் சுவரா என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தச் சுவரின் முன்னால் தோல் கட்டினாலும் பிளாஸ்டிக் கட்டினாலும் கேட்பது ஒன்றுதான்.

சமீபத்தில் ஒரு கலை இரவுக்கான அழைப்புக் கடிதத்தைப் பார்த்தேன். நிபந்தனைகளில் ஒன்று: 'தோற்கருவிகள் மட்டுமே அனுமதிக்கப்படும், பிளாஸ்டிக் முகப்பு கூடாது.' பயணப்படி பற்றி ஒரு வரி. காய்ச்சுவதற்கு வைக்கோலும் நெருப்பும் யார் ஏற்பாடு, பனியில் தோல் தளர்ந்தால் நடுவில் நிறுத்திக் காய்ச்ச நேரம் உண்டா என்பது பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கடிதத்தை மேல்மலையனூர்ப் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. தன் பம்பையைத் திருப்பிக் காட்டினார். மரப் பம்பைக்கும் வெண்கலப் பம்பைக்கும் ஒரே முகம் இல்லை. ஒன்றில் தோல், மற்றதில் பிளாஸ்டிக். நான் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "மரத்துக்குத் தோலுதான் சார், அது பேசணும். வெங்கலத்துக்கு இது போதும். மாசிப் பனியில ரெண்டும் தோலா இருந்தா ஒரு மணிக்கெல்லாம் தொங்கிப்பூடும். விடிய விடிய அடிக்கிறவன் நான்தானே?"